ஓடி வருகிற சொல்

மட்டக்களப்பில் இருக்கிற ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு நான் முதன்முதலில் நடந்து போனது 2003இல், ஒன்பது வயதில். சமாதானக் காலம் என்று பெரியவர்கள் சொன்ன நாட்கள் அவை. விடியப்புறம் இருட்டோடு கிளம்பினோம். வலையிறவுப் பாலத்தைக் கடக்கும்போது வாவிக்கு மேலே வெளிச்சம் வந்துவிட்டது. வவுணதீவு தாண்டினால் சிறுபோகம் வெட்டி முடிந்த வயல்கள், வைக்கோல் வாசம், தூசி. முன்னால் போனவர்கள் செபமாலை சொல்ல, பின்னால் வந்தவர்கள் மறுமொழி சொல்ல, நான் அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நடந்தேன்.

எங்கேயோ நடுவழியில் என் ரப்பர் செருப்பின் வார் அடியிலிருந்து கழன்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு இரண்டு மூன்று எட்டு வைத்துப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினேன். அம்மம்மா அப்படியே தெருவில் குந்தினார். தோளில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினார். வாரைத் துளைக்குள் செருகி, செருப்பின் அடியில் குமிழுக்குக் கீழே பின்னைக் குறுக்காகக் குத்திப் பூட்டினார்.

"இப்ப நடங்க மனே. கோயில் மட்டும் தாங்கும்."

தாங்கியது.

கோயிலுக்குள் சனத்துக்கு நடுவே நுழைந்து, சதா சகாய மாதாவின் படத்துக்கு முன்னால் வந்து நின்றபோது நான் பார்த்தது தாயின் முகத்தை இல்லை, பிள்ளையின் காலை. பிள்ளை இயேசுவின் ஒரு காலில் செருப்பு கழன்று, வாரில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் கலண்டரில் தினமும் பார்த்த அதே படம்தான். ஆனால் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"அம்மம்மா, இவருக்கும் செருப்பு கழண்டிட்டு."

"பிள்ள பயந்து ஓடி வந்திருக்கு மனே. பாருங்க, தாய்ட கைய எப்பிடிப் புடிச்சிருக்கு எண்டு."

உண்மைதான். பிள்ளையின் இரண்டு கைகளும் தாயின் ஒரு கையைப் பற்றியிருக்கின்றன. முகம் மட்டும் பின்னால் திரும்பியிருக்கிறது. அங்கே கபிரியேல் தூதர் சிலுவையையும் ஆணிகளையும் ஏந்தி நிற்கிறார். எதிர்ப்பக்கத்தில் மிக்கேல் தூதரின் கையில் ஈட்டியும் கடற்பஞ்சும். தனக்கு வரப்போகும் பாடுகளைக் கண்டு பயந்த பிள்ளை, செருப்பு கழல்வதுகூடத் தெரியாமல் தாயிடம் ஓடி வந்துவிட்டது. உலகம் முழுக்க இந்தப் படத்துக்கு முன்னால் முழந்தாளிடுகிறவர்கள் சொல்கிற விளக்கமும் இதுதான் என்று பிறகு அறிந்தேன். அம்மம்மாவுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

அந்தத் தாயின் பெயரில் இருக்கிற 'சகாயம்' என்ற சொல்தான் பல வருடங்களாக என்னோடு வந்துகொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் சகாயம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சகாய விலை. சந்தையில் மீன் சகாயமாகக் கிடைத்தது என்றால் மலிவாகக் கிடைத்தது என்று அர்த்தம். அடுத்தபடியாக உதவி, ஒத்தாசை. இருக்கிறவர் இல்லாதவருக்குக் கொடுப்பது. ஆகவே சதா சகாய மாதா என்றால், மேலே இருந்துகொண்டு எப்போதும் எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறவர் என்றுதான் நான் விளங்கி வைத்திருந்தேன். நேர்த்தி வைத்தால் தருவார், கேட்டால் தருவார், கையை நீட்டினால் போதும். பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் யாரும் எதையும் கொடுக்கவில்லையே என்ற யோசனை மனதின் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு, எங்கள் தெருவில் ஓய்வில் இருந்த வயதான சுவாமி ஒருவரிடம் இதைக் கேட்டேன். பூசை இலத்தீனில் நடந்த காலத்தில் குருமடத்தில் படித்தவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்து, பூசை அந்தந்த நாட்டு மொழிகளுக்கு மாறிய பிறகும் காலைச் செபத்தை இலத்தீனில் சொல்கிற பழக்கம் அவரை விடவில்லை. நான் கொண்டுபோன நவநாள் செபத் துண்டுப் பிரசுரத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் நடுங்குகிற கையால் தாயின் இலத்தீன் பெயரை எழுதினார். மாத்தெர் தே பெர்பேத்துவோ சுக்குர்சு.

"சுக்குர்சுஸ் எண்டா உதவி எண்டுதான் அகராதியில இருக்கும் மகள். ஆனா அந்தச் சொல்லுக்குக் கால் இருக்கு."

பெயர்ச்சொல் சுக்குர்சுஸ். அதன் வினை சுக்குர்ரேரே. அதைப் பிரித்தால் 'சுப்' என்பதும் 'குர்ரேரே' என்பதும் வரும். சுப் என்றால் கீழே, அடியில். குர்ரேரே என்றால் ஓடுவது. சுப் என்பதன் கடைசி எழுத்து அடுத்த எழுத்தோடு கரைந்து 'சுக்' ஆகிவிட்டது. நம் இலக்கணத்தில் புணர்ச்சி என்று படித்தோமே, அந்த மாதிரித்தான். ஆக, சுக்குர்ரேரே என்றால் ஒருவருக்கு அடியிலே ஓடிப் போய்ச் சேர்வது. விழப்போகிறவனைத் தாங்க ஓடுவது. போரில் ஒரு பக்கம் நெருக்கப்படும்போது இன்னொரு அணி விரைந்து போய்த் துணை சேர்வதையும் ரோமர்கள் இந்தச் சொல்லால்தான் சொன்னார்கள்.

குர்ரேரே நமக்குத் தூரத்துச் சொல்லும் இல்லை. கரண்ட் என்று நாம் சொல்கிறோமே, கம்பியில் ஓடுவது, அது இந்த வேரிலிருந்து வந்ததுதான். பார்சல் கொண்டு வருகிற கூரியரும் அதே வேர்தான், ஓடுகிறவர் என்று பொருள். கரண்ட் போய், கூரியரும் வராமல் இருந்த ஒரு பின்னேரத்தில்தான் சுவாமி இதைச் சொன்னார் என்பதால் எனக்கு அது மறக்காமல் நிற்கிறது.

இந்தச் சொல் இலத்தீனோடு நின்றுவிடவும் இல்லை. பிரெஞ்சில் 'செக்கூர்' ஆனது. போர்த்துக்கேயத்தில் 'சொக்கோர்ரு' ஆனது. இரண்டு மொழிகளிலும், தண்ணீரில் மூழ்குகிறவனும் தீக்குள் அகப்பட்டவனும் கத்துகிற சொல் அதுவே. நாம் "ஐயோ, ஓடி வாங்கோ" என்று கத்துகிற இடத்தில் அவர்கள் இதைக் கத்துவார்கள். போர்த்துக்கேயர் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். பத்து வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் போர்த்துக்கேயம் எங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. பறங்கியர் வீடுகளில் அதன் பேச்சு வடிவம் இன்றைக்கும் ஒலிக்கிறது. பிறகு, 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானதைத் தொடர்ந்து பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் கிழக்குக்கு வந்தார்கள். தங்கள் மொழியில் இந்த மாதாவின் பெயரைச் சொன்னபோதெல்லாம் அவர்கள் காதில் அந்தக் கூப்பாடும் சேர்ந்தே விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். தமிழில் சகாயம் என்று சொல்லும்போது எனக்கு அது விழவே இல்லை.

சுப், அதாவது கீழே என்ற அந்த முன்னொட்டு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உதவி மேலிருந்து இறங்கி வரும் என்றுதான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். இந்தச் சொல்லிலோ உதவுகிறவர் கீழே போகிறார்.

இலத்தீன் திருச்சபையில் மாதாவுக்குப் பாடுகிற பழைய கீதம் ஒன்று உண்டு. இரட்சகரின் தாயே என்று தொடங்கும். அதற்குள் "சுக்குர்ரே கதெந்தி" என்று வருகிறது. விழுகிறவர்களிடம் ஓடி வாரும். அதோடு விடாமல், எழுந்திருக்க முயல்கிற மக்கள் என்றும் அவர்களைச் சொல்கிறது. விழுந்து கிடக்கிறவர்கள் என்று முடித்திருக்கலாம். விழுந்துகொண்டே எழப் பார்க்கிறவர்கள் என்று எழுதியவருக்கு மனித சீவியம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெர்மான் என்ற துறவி எழுதியது என்பது மரபு. ஜெர்மனியில் ரைஹனாவ் தீவிலிருந்த மடத்தைச் சேர்ந்தவர். சிறு வயதிலிருந்தே உடல் முடங்கியவர். தானாக எழுந்து நடக்க முடியாது. மற்றவர்கள் தூக்கித்தான் இடம் மாற்ற வேண்டும். 'முடங்கியவர்' என்பதே பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஓட முடியாத மனிதர் ஒருவர் தாயைப் பார்த்து 'ஓடி வா' என்று பாடியிருக்கிறார். இதைப் படித்த அன்று வேறு வேலை எதுவும் என்னால் செய்ய முடியவில்லை.

அடுத்தது, பெர்பேத்துவுஸ். நாம் சதா என்கிறோம். தமிழ்நாட்டில் இடைவிடா சகாய மாதா என்றும் சொல்கிறார்கள். எனக்குக் காதுக்குப் பழகியது சதா. ஆனாலும் இந்த ஒரு இடத்தில் இடைவிடா என்பதே கூடப் பொருத்தம் என்பேன். சதா என்றால் எப்போதும். அது நேரத்தைச் சொல்கிறது. பெர்பேத்துவுஸ் என்பதில் 'பெர்' என்றால் ஊடாக, முழுக்க. அடுத்த பகுதி 'பெத்தேரே' என்ற வினையோடு உறவுள்ளது. ஒன்றை நோக்கிப் போவது, நாடுவது, கேட்பது எல்லாம் அந்த வினையின் பொருள்கள். ஆக, நடுவில் அறுந்து போகாமல், ஊடே ஊடே போய்க் கடைசி மட்டும் சேர்வதுதான் பெர்பேத்துவுஸ். நடுவழியில் வார் கழன்ற எனக்கு அந்த வேறுபாடு பெரிது.

சரி, அப்படியென்றால் சகாயம் என்பது மெலிந்த மொழிபெயர்ப்பா? கொஞ்ச நாள் அப்படித்தான் எண்ணினேன். ஓட்டத்தைத் தொலைத்துவிட்டார்களே என்று மனத்தாங்கல்கூட இருந்தது. பிறகு சம்ஸ்கிருத அகராதியில் சகாயம் என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். 'சஹ' என்றால் கூட. சகோதரம் என்பதில் இருக்கிற அதே சக. 'அய' என்பது போவது. கூடப் போகிறவர், வழித்துணை என்பதுதான் அகராதி முதலில் தரும் பொருள். உதவி என்ற பொருள் அதற்குப் பிறகு வந்தது. கூட நடக்கிறவர்தானே உதவுவார்.

இலத்தீனில் ஓடுகிறார். நம்மிடத்தில் கூட நடக்கிறார். இரண்டு சொல்லுக்கும் கால் இருக்கிறது.

நடக்கிற ஊருக்கு நடக்கிற சொல்தான் சரி என்று இப்போது படுகிறது. எங்கள் மாவட்டத்தில் பக்தி என்றால் கால்தான். கதிர்காமத்துக்குப் போகிற சனம் அம்பாறைக் கரையால் உகந்தை வரை இறங்கி, குமண காட்டுக்குள்ளால் நடக்கும். ஆயித்தியமலைக்கு நடக்கிற எங்களோடு சைவக்காரரும் நடப்பார்கள். அம்மம்மாவோடு அன்றைக்குக் கூட நடந்த கூட்டாளி நெற்றியில் திருநீறு பூசிய ஒரு அம்மாதான். இரண்டு பேரும் முழங்கால் வலியைப் பற்றியே வழி முழுக்கப் பேசினார்கள்.

உதவி என்பதற்கு இலத்தீனில் வேறு சொற்கள் இல்லாமலும் இல்லை. தேவமாதா பிரார்த்தனையில் "கிறிஸ்தவர்களின் சகாயமே" என்று சொல்கிறோமே, அங்கே மூலத்தில் இருப்பது சுக்குர்சுஸ் அல்ல, அவுக்சிலியும். கூட்டுவது, பெருக்குவது என்ற பொருளுள்ள 'அவுகேரே' என்பதிலிருந்து வந்தது. இருக்கிற பலத்தோடு இன்னும் கொஞ்சம் பலத்தைச் சேர்ப்பது. ரோமர்களின் துணைப்படைக்கு அதுதான் பெயர். தொன் பொஸ்கோவின் சலேசிய சபைத் துறவிகள் மே 24இல் கொண்டாடுகிற சகாய மாதா இந்த அவுக்சிலியும். இன்னொன்று பிரேசிதியும். மரியாயின் சேனை என்ற பக்திச் சபையில் இருக்கிறவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். வாராவாரம் கூடுகிற நம்முடைய பிரசீடியம் அதுதான். முன்னால் உட்கார்ந்திருப்பது, அதாவது காவல் இருப்பது என்பது அதன் வேர். ஒன்று பலத்தைக் கூட்டுகிறது, ஒன்று காவல் இருக்கிறது, ஒன்று ஓடி வருகிறது. தமிழில் எல்லாம் போய்ச் சகாயத்திலும் அடைக்கலத்திலும் அடங்கிவிட்டன.

படத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் ஓரிடத்தில் நின்ற படம் அல்ல. கிரேத்தா தீவுப் பாணியில் பலகையில் தீட்டிய ஓவியம், உயரம் அரை மீற்றருக்குச் சற்றுக் கூட. வியாபாரி ஒருவர் அதைக் கிரேத்தாவிலிருந்து எடுத்துக்கொண்டு கடல் தாண்டி ரோமுக்கு வந்தார் என்றும், 1499 மார்ச் 27இல் அங்கே புனித மத்தேயு கோயிலில் அது வைக்கப்பட்டது என்றும் மரபு. மூன்று நூற்றாண்டுகள் அங்கே இருந்தது. 1798இல் பிரெஞ்சுப் படைகள் ரோமைப் பிடித்திருந்த காலத்தில் அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. துறவிகள் படத்தைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போனார்கள். பிறகு பல வருடங்கள் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1865இல் பாப்பரசர் 9ஆம் பத்திநாதர் அதை ரெடம்டரிஸ்ட் துறவிகளிடம் ஒப்படைக்கச் சொன்னார். 1866 ஏப்ரல் 26இல் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே, புனித அல்போன்சு கோயிலில் அது மறுபடி ஏறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. இந்தத் தாயை உலகமெங்கும் அறியச் செய்யுங்கள் என்று பாப்பரசர் அவர்களிடம் சொன்னார் என்பார்கள். அந்தப் படத்தின் பிரதிகள்தான் எங்கள் ஊர்ச் சுவர்கள் வரை வந்திருக்கின்றன. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த சனம், இடம்பெயர்ந்த ஒரு படத்தை நெஞ்சோடு வைத்திருக்கிறது.

இடம்பெயர்வு என்றதும் சுனாமி வந்த 2004 டிசெம்பர் 26ஐச் சொல்லாமல் போக முடியாது. நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பெரியம்மா கடற்கரைப் பக்கம் இருந்தார். காலைப் பூசை முடிந்து வந்து பாலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடல் வருது என்று சத்தம் கேட்டது. அன்றைக்கு ஊரே மேற்குப் பக்கம் ஓடியது. என் மாமா மட்டும் கிழக்குப் பக்கம் ஓடினார், தமக்கையைத் தேடி. இடுப்பளவு தண்ணீரில், முறிந்த கூரை மரங்களுக்கு நடுவே போய்ப் பெரியம்மாவைத் தோளில் சுமந்து வந்தார். பெரியம்மாவைத் தூக்கின கையோடு, அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளையையும் மாமா தூக்கினார். யாருடைய பிள்ளை என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பின்னேரம் அதன் தாய் தேடி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் பக்கத்தில் வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக இருப்பதை எழுவான்கரை என்போம். மேற்கே வயல்களும் காடும் இருப்பது படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. அடுத்த நாள் காலையில் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு முதலில் சாப்பாடு கொண்டு வந்தவர்கள் படுவான்கரை ஆட்கள். உழவு மெசின் பெட்டியில் சாக்கு விரித்து, அவித்த மரவள்ளிக் கிழங்கும் சோறும். மண்ணும் வைக்கோலும் ஒட்டிய கைகள். அந்த வருடம் வெள்ளாமை பாதியில் நிற்க, எங்களுக்காகப் பானை ஏற்றியிருக்கிறார்கள். வவுணதீவுப் பாதையால், வலையிறவுப் பாலத்தால் வந்திருக்கிறார்கள். செப்டெம்பரில் நாங்கள் மாதாவைத் தேடி நடந்து போன அதே பாதை.

அப்போது எனக்குப் பத்து வயது. சுக்குர்ரேரே என்ற சொல் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லைப் பிற்காலத்தில் சுவாமி பிரித்துக் காட்டியபோது, கண்ணுக்குள் வந்தது உழவு மெசின்தான். உதவி என்று சொன்னால் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. நிவாரண அட்டையும் வரிசையும் அதற்குப் பிறகு வந்தன, பல மாதம் இருந்தன, அவற்றால் வாழ்ந்தோம் என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அந்த வரிசையில் நின்றபோது யாரும் ஓடி வரவில்லை. நாங்கள்தான் போய் நின்றோம்.

சுவாமி கடைசியாக எனக்குக் காட்டியது ஒரு செபத்தை. எங்கள் பங்கில் புதன்கிழமை நவநாளில் எல்லோரும் சேர்ந்து சொல்கிற செபம், மனப்பாடமாகத் தெரிந்தது. "மிகவும் இரக்கமுள்ள தாயே" என்று தொடங்கும். இலத்தீனில் அதற்கு மெமொராரே என்று பெயர், நினைத்தருளும் என்று அர்த்தம். அதன் நடுப்பகுதியைச் சுவாமி வரிக்கு வரி இரண்டு மொழியிலும் சொன்னார்.

இலத்தீனில், உம் காவலை நோக்கி 'குர்ரெந்தெம்', ஓடி வருகிறவரை. அதே ஓட்டம். அந்தக் காவல் என்ற சொல் பிரேசிதியும் என்பதுதான். அடுத்து, உம் உதவிகளை இரந்து நிற்கிறவரை, அங்கே அவுக்சிலியும். அடுத்து, உம் பரிந்துரையை 'பெத்தெந்தெம்', நாடிக் கேட்கிறவரை. பெர்பேத்துவுஸ் என்பதற்குள் ஒளிந்திருந்த அதே வினை. இப்படி வந்த ஒருவரைக்கூட நீர் கைவிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை என்று வரி முடிகிறது. மாதாவின் பெயரில் இருக்கிற இரண்டு வேரும் இந்தச் செபத்தில் இருக்கின்றன. ஆனால் இங்கே ஓடுவது மாதா இல்லை, நாம். தாய் நம்மிடம் ஓடி வருகிறார் என்று பெயர் சொல்கிறது, நாம் தாயிடம் ஓடி வருகிறோம் என்று செபம் சொல்கிறது. செருப்பு தொங்கத் தொங்க ஓடி வந்த பிள்ளையும், கையை நீட்டிக் கொடுத்த தாயும் போல.

"தமிழில இந்த வரியச் சொல்லுங்க மகள்" என்றார் சுவாமி.

சொன்னேன். "உம்முடைய அடைக்கலமாக ஓடிவந்து, உம்முடைய உபகார சகாயங்களை இறைஞ்சி மன்றாடி..."

ஆயிரம் தடவை சொன்ன வரி. ஓடிவந்து என்று அதில் இருப்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. தொலைந்தது என்று நான் நினைத்த ஓட்டம் தமிழில் தொலையவே இல்லை. பெயரிலிருந்து எடுத்துச் செபத்துக்குள் வைத்திருக்கிறார்கள். சகாயத்துக்கு மிகப் பக்கத்திலேயே.

சுவாமி இப்போது இல்லை. அம்மம்மாவுக்கு நடக்க ஏலாது, திருவிழாவுக்கு ஓட்டோவில் வருகிறார். புதன்கிழமை நவநாளுக்கு நான் இன்னமும் போகிறேன். கோயிலில் சனம் அந்தச் செபத்தை வேகமாகச் சொல்லும், மனப்பாடமாக வருகிறதுதானே. "அடைக்கலமாக ஓடிவந்து" என்ற இடத்தில் மட்டும் நான் ஒரு மூச்சு நின்றுவிடுவேன். அதற்குள் மற்றவர்கள் சகாயங்களுக்குப் போய்விடுவார்கள். பக்கத்தில் நிற்கிற அக்கா ஒருவர் போன கிழமை என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வரியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.